மெசினை விட்டு இறங்கிய பிறகு வருகிற கோடு

ஓய்வு பெற்றால் ஆறுதலாக இருக்கலாம் என்று எனக்குச் சொன்னவர்கள் யாரும் இந்தக் கடற்கரைப் பக்கத்தில் காலமெல்லாம் ஈசிஜி எடுத்தவர்கள் இல்லை. போன கிழமை மீன் வாங்கப் போனேன். பாரைக்குட்டி ஒன்றைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீன்காரத் தம்பி கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய பெருவிரலால் போனைத் தடவி என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.

“மிஸ்ஸி, இத ஒருக்காப் பாருங்க. காக்காட ரிப்போட்டு.”

“தம்பி, நான் மீன் வாங்க வந்தன்.”

“மீன் செத்துத்தானே கிடக்கு, எங்கயும் போகாது. காக்காவப் பாருங்க.”

பார்த்தேன். காக்கா என்றால் அவனுடைய அண்ணன். ஓடவிட்டு எடுக்கிற ஈசிஜி. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புதிய மெசின் எடுத்தது. அதற்கு வாய் நீளம், கடைசியில் தானே ஒரு முடிவும் எழுதிவிடும். இதற்குக் கீழே ‘முடிவு சொல்ல முடியாது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்த வீட்டார், ஆஸ்பத்திரி கைவிட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தூரத்து உறவுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார்கள். காக்கா மூன்று நாளாகப் பாயை விட்டு எழும்பவில்லையாம்.

“காலையில ப்றஷர் குளிசை போட்டவரா?” என்று கேட்டேன்.

“ஓம் மிஸ்ஸி. பெரிய டெஸ்டெல்லா, அதால ரெண்டாப் போட்டவரு.”

இதற்கு நான் என்ன செய்ய? அந்தக் குளிசையின் வேலையே நெஞ்சுத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. அந்த வயதுக்கு நாடி எவ்வளவு வேகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் பெரும் பங்கையாவது எட்டினால்தான் டெஸ்டைப் பற்றி ஏதாவது பேசலாம். இந்த மனிதர் இரண்டு குளிசையையும் போட்டுக்கொண்டு மெசினில் உலாவப் போயிருக்கிறார். “தம்பி, இது பாசும் இல்ல, பெயிலும் இல்ல. உங்கட காக்கா பரீட்சைக்கே போகல்ல. டொக்டருக்கிட்டக் கேட்டு, எந்தக் குளிசைய நிப்பாட்டுற எண்டு எழுதி வாங்கி, மறுகா ஒருக்கா ஓடச் சொல்லுங்க” என்றேன். பின்னால் நின்ற பெண்ணொருத்தி தன் போனையும் எடுக்கத் தொடங்கினாள். நான் பாரைக்குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு விலகிவிட்டேன்.

இப்போது என் கதிரையில் இருக்கிற பிள்ளை போன் பண்ணி, “மிஸ்ஸி, மெசினே ரிசல்ட் சொல்லாத காலத்துல நீங்க எல்லாம் என்ன செய்தீங்க? எங்கட யூனிட் மலருக்கு எழுதித் தாங்க” என்று கேட்டாள். மெசின் சொல்லாத காலத்தில் மனிதர்கள் சொன்னார்கள் பிள்ளை. எப்படிச் சொன்னார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

படித்த கதை சிறியது. கல்முனையில் மெதடிஸ்ட் குடும்பம் ஒன்றின் மூன்றாவது பெண் நான். கொழும்பில் பயிற்சி. சிங்களமும் ஆங்கிலமும் கலந்து படிப்பித்தார்கள். எனக்கு இரண்டும் அரைகுறை, ஆனால் இதயம் போடுகிற கோட்டுக்கு மொழி இல்லை என்பதால் தப்பித்தேன். திரும்பி வந்து நான் எடுத்த முதல் ஈசிஜியில் கை வயரையும் கால் வயரையும் மாற்றிப் போட்டு ஒரு தபால்காரருக்கு இல்லாத வருத்தமெல்லாம் கொடுத்தேன். அதை அங்கேயே கண்டுபிடித்து ஏசிவிட்டார்கள். பயிற்சி அதோடு முடிந்தது.

ஓடுகிற மெசின் பிறகு வந்தது. அது வந்த நாள் தொடக்கம் எங்கள் பெரும் பிரச்சினை இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாரன். காலையில் கிளினிக்குக்கு வருகிற ஆண்களில் பாதிப்பேர் சாரனோடு வருவார்கள். ஓடுகிற பட்டியில் சாரனோடு ஏறினால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘கால்சட்டை கொண்டு வரவும்’ என்று துண்டு எழுதிக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். எனவே வீட்டில் கால்சட்டை என்றால் அது மருமகனுடையது. மாமனார் அதைக் கேட்டு வாங்குவதற்கு வெட்கப்பட்டு, மாமி மகளிடம் சொல்லி, மகள் மாப்பிள்ளையிடம் சொல்லி, கடைசியில் இடுப்பு எட்டாத ஜீன்ஸ் ஒன்றை ஊசி குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒருத்தர் கிரிக்கெட் அணியின் பெயர் போட்ட பைஜாமாவில் வந்தார். நல்லாக ஓடினார்.

அடுத்தது எண்ணெய். டெஸ்டுக்குப் போகிறவரின் நெஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று வீட்டில் தேய்த்து அனுப்புவார்கள். தேங்காய் எண்ணெய், சித்தாலேப்பை, சிலருக்கு இரண்டும். அதற்கு மேல் நான் வயர் மாட்டுகிற வில்லையை ஒட்டினால் அது வழுக்கிக்கொண்டு தொப்புளுக்குப் போகும். ஸ்பிரிட்டால் துடைத்து, மயிர் வழித்து, தோல் சிவக்கத் தேய்த்துத்தான் ஒட்ட வேண்டும். “மிஸ்ஸி, இது ஒத்திகைதானே, ஏன் உண்மையாச் சுரண்டுறீங்க?” என்று ஒரு ஹாஜியார் கேட்டிருக்கிறார்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நிற்பவர் டொக்டர் குகநேசன். யாழ்ப்பாணத்து மனிதர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சேட். டெஸ்ட் நடக்கும்போது அவர் வாயில் மூன்று கேள்விதான் வரும். “நெஞ்சு நோகுதோ? மூச்சு முட்டுதோ? தலை சுத்துதோ?” மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பட்டி வேகமெடுத்து மேட்டுப் பக்கமாகச் சரியும். அந்த நேரத்தில் நான் ப்றஷர் எடுப்பேன், அவர் இந்த மூன்றையும் கேட்பார், திரும்பவும் திரையைப் பார்ப்பார். யாராவது “ஓடுறது காணுமா டொக்டர், நல்லா ஓடுறனா?” என்று கேட்டால், “கதையாதேங்கோ” என்பார். அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து முடிவைப் பிடிக்கலாம் என்று வந்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள். நானே ஒரு வருடம் தோற்றேன்.

முடிவு சொல்வதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. நின்றுகொண்டு சொல்ல மாட்டார். வியர்வை ஆறி, சேட் போட்டு, வந்தவரும் கூட வந்தவரும் கதிரையில் இருந்த பிறகுதான் கடதாசியை விரிப்பார். அதற்கு முதல் என்ன கேட்டாலும் “இருங்கோ” என்பதுதான் பதில். எத்தனை நிமிடம் ஓடினான் என்பதை வைத்து ஊர் தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஊரில் அது பெரிய பேச்சு. “அவன் எட்டு நிமிசம் ஓடினான், நான் பத்து” என்று தேநீர்க் கடையில் போட்டி நடக்கும். டொக்டர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார்: ஓடின நேரம் ஒரு பங்கு, நாடியும் ப்றஷரும் ஏறினதும் இறங்கினதும் ஒரு பங்கு, அவருக்கு உள்ளே என்ன செய்தது என்பது ஒரு பங்கு. கோடு என்ன செய்தது என்பதுதான் மற்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு சமமாக வர வேண்டிய ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. இதயத்துக்கு இரத்தம் போதாவிட்டால் அந்தத் துண்டு தொய்யும். “அது ஓடேக்கை தொய்யாமல், நிண்டாப் பிறகும் தொய்யலாம் மிஸ். அதனாலை ஆள் இறங்கினவுடனை டெஸ்ட் முடிஞ்சுது எண்டு நினையாதேங்கோ. இறங்கினாப் பிறகு வாற கோடுதான் சிலவேளை உண்மையைச் சொல்லும்.”

எனக்கு அது விளங்கியது. விளங்காதவர் ஆதம்பாவா விதானையார்.

அவருடைய உண்மையான பெயர் வேறு. இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது அவர் பெயரை மாற்றச் சொன்னார். அவருடைய மனைவி மாற்றக் கூடாது என்றார். ஒரு மணித்தியாலம் நடந்த அந்தச் சண்டையில் நான் மூன்று பிளேன்டீ குடித்தேன். இறுதியில் இருவருக்கும் பொதுவாக இரண்டு பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அவர் வட்டை விதானை. நாவிதன்வெளிப் பக்கத்தில் ஒரு பெரிய வட்டைக்கு, அதாவது நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலுக்கு, எந்த நாளில் எந்த வாய்க்காலில் தண்ணீர் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். தண்ணீரைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இருக்கிற அதிகாரம் எல்லாம் குரலில் தெரியும். நெடிய ஆள், விடிகாலையில் சுபஹு தொழுது முடித்துக் கடற்கரை வீதியில் மூன்று பேரோடு நடப்பார், அந்த மூவரும் பின்னால் வருவார்கள். ப்றஷர் கொஞ்சம், சீனி கொஞ்சம். மனைவி பாத்துமுத்து ராத்தா அவர் தோளுக்குக் கீழே. உருண்டை உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி, மாடிப்படி என்றால் கீழே நின்றே பதில் சொல்வார்.

பல வருடம் காத்திருந்து இருவருக்கும் ஹஜ்ஜுக்குப் பேர் வந்திருந்தது. அதற்கு வைத்தியச் சான்று வேண்டும். ப்றஷரும் சீனியும் இருப்பதால் டொக்டர் குகநேசன் இருவரையும் மெசினில் ஏற்றிப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டார். ஊர் முழுக்கப் பாத்துமுத்து ராத்தாவுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டது. விதானையாருக்கு யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது தேவையில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

போதாததற்கு மனிதர் அவசரப்பட்டு இன்னொரு வேலையும் செய்து முடித்திருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்பட முதல் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, நான் உங்களுக்குச் செய்த குற்றம் குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது வழக்கம். சாதாரண மனிதனுக்கு அது இரண்டு நாள் வேலை. வட்டை விதானைக்கு? எத்தனை பேருடைய மடையை அடைத்திருப்பார், எத்தனை பேரின் முறையை வெட்டியிருப்பார். சான்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவர் இரண்டு கிழமையாகச் சைக்கிளில் அலைந்து எல்லா எதிரிகளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். கேட்டது மட்டுமல்ல, ஒவ்வொருத்தரிடமும் எந்த வருடம் எந்தத் தண்ணீர் என்று விபரமாகவும் சொல்லியிருக்கிறார். சிலருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

டெஸ்ட் நாளன்று முதலில் ராத்தா. பெண்களுக்கு டெஸ்ட் என்றால் கதவைப் பூட்டி, திரை இழுத்து, நானும் ஒரு தாதியும் பக்கத்தில் நிற்போம். டொக்டர் திரைக்கு மற்றப் பக்கம் மானிட்டரோடு இருப்பார். அவர் குரல் மட்டும் வரும். ராத்தா அபாயாவைக் கழற்றிவிட்டு மகளுடைய தொளதொளத்த சட்டையும் காற்சட்டையுமாக நின்றார். முக்காடு மட்டும் இறுக்கமாக இருந்தது.

“மிஸ்ஸி, விழுந்தா?”

“விழமாட்டீங்க ராத்தா. நான் பிடிக்கிறன்.”

“நீங்க என்னப் பிடிச்சா ரெண்டு பேரும்தான் விழுவம்.”

பட்டி நகரத் தொடங்கிய முதல் அடியிலேயே வாய் திறந்தது. யா அல்லாஹ், இது என்னத்துக்கு இழுக்குது, மெல்லப் போகச் சொல்லுங்க, ஓடவிட்டுக் கொல்லப் பாக்குறீங்களா, என்ட முழங்கால், என்ட உம்மா. திரைக்கு அப்பால் “நெஞ்சு நோகுதோ?” என்று குரல் வந்தது. “நெஞ்ச விடுங்க டொக்டர், முழங்காலக் கேளுங்க” என்றார் ராத்தா. இரண்டாவது மேடு முடிவதற்குள் முகம் சிவந்து மூச்சு இரைந்தது. நாடி எட்ட வேண்டிய இடத்தை எட்டிவிட்டது. இனி ஏலாது என்று அவர் கையைத் தூக்க, டொக்டர் நிறுத்தச் சொன்னார். கட்டிலில் இருத்திக் கோடு ஆறும் வரை எடுத்தோம். வெளியே வாங்கில் இருந்த விதானையார் இரைகிற சத்தத்தைக் கேட்டு, பக்கத்து ஆளிடம், “என்ட ஹஜ்ஜு போச்சு” என்றாராம்.

பிறகு அவர் வந்தார். சொந்தக் கால்சட்டை, புதிய கென்வஸ் சப்பாத்து, எண்ணெய் இல்லாத நெஞ்சு. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ராத்தா அபாயாவைப் போட்டுக்கொண்டு மூலையில் சுவரோடு நின்றார்.

ஓடினாரா? அப்படி ஓடினார். முதல் மேட்டில் வட்டையில் தான் ஒரு நாளைக்கு நடக்கிற தூரத்தைச் சொன்னார். “கதையாதேங்கோ.” இரண்டாவது மேட்டில் மனைவியைப் பார்த்து, “பாத்தியாடி, இப்புடித்தான்” என்றார். “கதையாதேங்கோ.” மூன்றாவதில் தானாகவே பேச்சு நின்றது. நாலாவது மேட்டிலும் ஏறினார். அந்த வயதில் அங்கே போனவர்கள் எங்கள் மெசினில் மிகக் குறைவு. நெஞ்சு நோகவில்லை, தலை சுற்றவில்லை, கோட்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. டொக்டர் காணும் என்றார். நான் வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன்.

“அப்புடியே வந்து கட்டில்ல இருங்க” என்று நான் சொல்லி முடிக்கவில்லை. விதானையார் பட்டியிலிருந்து இறங்கி ஒரு முறை சுற்றும் பார்த்தார். எங்கள் ஊரில் திசை கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, கடலுக்கு முதுகைக் காட்டினால் ஏறக்குறையக் கிப்லா, அவர்கள் தொழுகிற திசை. அவர் கடல் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் கிறுகினார். பத்து வயரும் அவரைச் சுற்றிக்கொண்டன. அப்படியே அல்ஹம்துலில்லாஹ் என்று நிலத்தில் சுஜூதில் விழுந்தார்.

நல்லது நடந்தால் அந்த இடத்திலேயே நன்றிக்கு நெற்றியை நிலத்தில் வைப்பது அவர்கள் வழக்கம். பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நெற்றியோடு சேர்ந்து என் மெசினின் வயரும் நிலத்துக்குப் போனது. மூன்று வில்லை கழன்றது. மெசின் ட்ரொலியோடு அவர் பக்கம் நகரத் தொடங்கியது. நான் ட்ரொலியைப் பிடித்தேன். திரையில் கோடு வானத்துக்கும் பூமிக்கும் பாய்ந்தது. இன்னொரு மெசினாக இருந்தால் ஆள் போய்விட்டான் என்று எழுதியிருக்கும்.

சுஜூதில் இருக்கிறவரைத் தொட்டு எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் வேதக்காரி, டொக்டர் சைவக்காரர். நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மடிப்புக் கலையாத அந்தச் சேட்டோடு நிலத்தில் முழங்காலில் இருந்து, விதானையாரின் விலாப் பக்கமாகக் கையை விட்டு, கழன்ற வில்லைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஒட்டி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் கதவைத் திறந்த தாதி, விதானையார் தொழுகிறார், டொக்டர் பின்னால் பாதி தொழுகிறார் என்று நினைத்து மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் ஊரில் என்ன கதை ஓடியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

விதானையார் எழும்பியபோது டொக்டரின் கை அவர் நெஞ்சில் இருந்தது. “என்ன டொக்டர்?” என்றார். “இருங்கோ” என்றார் டொக்டர், கட்டிலைக் காட்டி. அவர் இருந்தார். அசையாமல் இருக்கச் சொன்னோம். கோடு தெளிந்தது.

தெளிந்த கோடு தொய்ந்திருந்தது.

நான் கடதாசியை ஓடவிட்டேன். இடப் பக்கத்து வில்லைகளில் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அந்தச் சின்னத் துண்டு கீழே சரிந்து வந்தது. ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம். டொக்டர் நாக்குக்கு அடியில் ஸ்ப்ரே ஒன்று அடித்தார், ப்றஷர் எடுக்கச் சொன்னார். வழமையாக நிறுத்துகிற நேரத்தில் நிறுத்தவில்லை. கோடு திரும்பச் சமமாகும் வரை நீண்ட நேரம் எடுத்தோம். இவ்வளவு சந்தோசமாக விழுந்து எழும்பிய மனிதன்.

சேட் போட்டு, வந்து இருந்தார். ராத்தாவுக்கும் கதிரை போட்டேன், அவர் வேண்டாம் என்று நின்றார். அன்றைக்கு டொக்டரும் தன் முறையை விட்டுவிட்டார், இரு என்று அவரை வற்புறுத்தவில்லை.

“அம்மாவுக்கு ஒண்டுமில்லை. முழங்காலைப் பாருங்கோ, நெஞ்சு நல்லா இருக்கு.”

விதானையார் சிரித்துவிட்டார். “இவளுக்கா? இவள் ஆறு நிமிசம் கூட ஓடல்லயே.”

“ஓடின நேரம் முழுக்கதை இல்லை ஐயா. அவவுக்கு நாடி ஏறினது காணும், கோடு சரியா இருந்தது. உங்களுக்கு நிண்டாப் பிறகு கோடு மாறியிருக்கு. இதயத்துக்குப் போற குழாயிலை அடைப்பு இருக்கலாம். அன்ஜியோ செய்து பார்க்க வேணும். அதுக்கு முதல் நான் ஹஜ்ஜுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது.”

“அது நான் சுஜூதுல இரிந்ததால கோடு ஆடின டொக்டர்.”

“ஆடினதை நான் எடுக்கேல்லை. இதைப் பாருங்கோ, இது ஆட்டம். மேலை கீழை எங்கையும் போகுது. இது நீங்கள் அசையாமல் இருக்கேக்கை வந்தது. ஒவ்வொரு துடிப்பிலையும் ஒரே மாதிரி, ஒரே இடத்திலை.” பிறகு விளங்கவைக்க ஒரு உதாரணமும் சொல்லப் பார்த்தார். “கிணத்திலை தண்ணி இறைக்கேக்கை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

“எங்கட பக்கத்துல கிணத்துத் தண்ணியில வெள்ளாம செய்றல்ல டொக்டர். வாய்க்கால்.”

“சரி. வாய்க்காலிலை தண்ணி காணாது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?”

இது விதானையாரின் சொந்தத் துறை. தன்னை மறந்து நிமிர்ந்தார். “சும்மா கிடக்கக்குள்ள தெரியா டொக்டர். எல்லாருக்கும் போற மாதிரித்தான் இரிக்கும். கதிர் வாற நேரம் அத்தின பேரும் ஒண்டா மடையத் திறப்பானுகள், அப்பதான் தெரியும். கடைசிக் கண்டத்துக்கு ஏறா. எங்கயோ வாய்க்கால் தூந்திருக்கும்.”

சொல்லிவிட்டு அவரே தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

ஆனால் விதானை என்றால் விதானைதான். அடுத்த கணமே வேறு மடையால் வந்தார். “நான் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டன் டொக்டர். எவனுக்குத் தண்ணி வெட்டின எண்டு பேர் சொல்லிக் கேட்டுட்டன். போகாம நிண்டா அவனுகள்ற முகத்துல எப்புடி முழிக்கிற? குடுத்த மன்னிப்பத் திருப்பி எடுப்பானுகள்.” எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டொக்டருக்கும் வந்திருக்க வேண்டும், மேசையிலிருந்த பேனையைக் காரணமில்லாமல் எடுத்து வைத்தார்.

“அப்ப இவள் போகட்டும். தம்பிக்காரனோட போகட்டும்” என்றார் கொஞ்சம் இறங்கி.

ராத்தா சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். மெசினில் ஏறி நின்று அவ்வளவு கத்திய மனுசி.

விதானையார் அவரைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். பிறகு குரல் மாறிவிட்டது. அதிகாரம் எல்லாம் போய், ஒரு ஆசையைச் சொல்கிற குரல். “டொக்டர், நான் சொல்றதக் கேளுங்க. அங்க மவுத்து வந்தா வரட்டும். மக்காவுல மவுத்தாகி அந்த மண்ணுல அடங்கக் கிடைக்கிற எப்பேர்ப்பட்ட பாக்கியம். எத்தின பேரு அதுக்கு ஆசப்பட்டுட்டுத் திரியிறாங்க. நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க. மிச்சம் அல்லாஹ்வும் நானும்.”

மருந்தைப் பற்றி வாதிட்டால் பதில் இருக்கிறது. ஒருத்தருடைய மண்ணறையைப் பற்றி, அதுவும் அவருடைய இறை நம்பிக்கையான ஈமானைப் பற்றி, வேறு வேதத்துக்காரர்கள் நாங்கள் வாய் திறக்கலாமா? டொக்டர் குகநேசன் திக்குமுக்காடிப் போய் இருந்ததை நான் என் வேலைக் காலத்தில் அந்த ஒரு முறைதான் கண்டேன்.

“ஓம், பாக்கியம்தான்” என்றார் பாத்துமுத்து ராத்தா. சுவரோடு நின்றபடியே, மெதுவாக. “உங்களுக்குப் பாக்கியம். நீங்க அங்கயே அடங்கிருவீங்க. மறுகா நான் தனிய பிளேன்ல வரணும். உங்கட உடுப்புப் பொட்டியும் நான்தான் கொண்டு வரணும். ஊட்டுக் கதவ நான்தான் திறக்கணும். உள்ளுக்குப் போயி லைட்டப் போட்டுட்டு ஆரக் கூப்பிடுற? அத யோசிச்சீங்களா, அல்லாஹ்வும் நீங்களும்?”

விதானையார் சேட்டின் மேல் பித்தானைப் பூட்டப் போனார், அது முன்பே பூட்டியிருந்தது. பிறகு டொக்டரின் பக்கம் திரும்பினார்.

“எழுதுங்க டொக்டர். அந்த அன்ஜியோவுக்கு, முதல்ல கிடைக்கிற திகதிய எழுதுங்க.”